ஆசியர்: ஒருவர்

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுகிறேன். இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு எழுதும் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அதனால் விஷயத்தை மட்டும் எழுதுகிறேன்.

நீ போன புதிதில் அம்மாவுக்குப் போட்ட கடிதத்தின் உறை என்னிடம் இருக்கிறது. அதில் உன் முகவரி உண்டு. அந்த நாட்டில் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை தலை எண்ணி, எந்த ஊரில் எந்த இனத்தார் எத்தனை பேர் என்று அட்டவணை போடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் கம்ப்யூட்டரில் பார்க்கலாம். நான் பார்த்து வருகிறேன்.

முதல் தடவை பார்த்தபோது உன் ஊரில் மொத்தம் 58 பேர். வெள்ளையர் 52, பூர்வகுடியினர் 5, ஆசியர் 1. அந்த ஒன்று நீதான் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த தடவை மொத்தம் 51. வெள்ளையர் 45, பூர்வகுடியினர் 4, ஆசியர் 1. அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி இருந்தது. கலப்பினத்தார் 1. நான் மாமன் ஆகிவிட்டேன் என்று அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

போன வாரம் புது அட்டவணை வந்தது. மொத்தம் 46. வெள்ளையர் 42, பூர்வகுடியினர் 4. ஆசியருக்கு நேரே வெறும் கோடு. கலப்பினத்தாருக்கு நேரேயும் கோடு.

வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டீர்களோ என்று சுற்றுவட்டார ஊர்கள் பதினொன்றின் அட்டவணையும் பார்த்தேன். எதிலும் நீங்கள் இருவரும் சேர்ந்தாற்போல் இல்லை.

இருந்தால் பதில் எழுது. நீ இல்லாவிட்டால், இதைப் பிரிக்கிறவர்கள் விவரம் எழுதவும். வீட்டு முகவரிக்கு வேண்டாம். குடிநீர் வாரியம், மீட்டர் பிரிவு என்று அலுவலக முகவரிக்கு எழுது.

இப்படிக்கு,
தம்பி


பிப்ரவரி 24

என் அருமைத் தம்பி, மீட்டர் பிரிவு மகாராஜாவுக்கு,

அக்கா உயிரோடுதான் இருக்கிறேன். நன்றாகத் தின்கிறேன், நன்றாகத் தூங்குகிறேன். சந்தேகமிருந்தால் கேள். நான் வேலை பார்ப்பது லாரி எடைமேடையில். போன மாதம் யாரும் இல்லாத நேரம் பார்த்து நானே ஏறி நின்றேன். அது இருபது இருபது கிலோவாகத்தான் காட்டும். எண்பது என்று காட்டியது. மேடை பழுது என்று நோட்டில் எழுதி வைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

நான் செத்திருந்தால் உன் கடிதத்தை யாரடா படிப்பார்கள்? இந்த ஊரில் தமிழ் தெரிந்த ஜென்மம் நான் ஒருத்திதான். "இதைப் பிரிக்கிறவர்கள் விவரம் எழுதவும்" என்று யாருக்கு உத்தரவு போட்டாய், எங்கள் டிராக்டருக்கா? நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள், நீ படித்தவன். படித்தவன் மூளை வேறு மாதிரிதான் ஓடும் போலிருக்கிறது.

உன் கோட்டுக்குக் காரணம் சொல்கிறேன். போன இரண்டு தடவையும் தலை எண்ண நகரத்திலிருந்து ஆள் வந்தான். பெட்டியும் கையுமாக வீடு வீடாக ஏறினான். எங்கள் வீட்டில் என் மூஞ்சியை ஒரு தடவை பார்த்தான், காகிதத்தை ஒரு தடவை பார்த்தான், கேட்காமலே டிக் போட்டான். இந்தத் தடவை செலவைக் குறைக்க, அந்த வேலையை எங்கள் தபால்காரம்மாவிடமே கொடுத்துவிட்டார்கள். அவள் யார் வீட்டுக்கும் போகவில்லை. தபாலாபீஸ் மேஜையில் உட்கார்ந்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலேயே ஊரையே எழுதி முடித்துவிட்டாள். இவர்கள் எல்லாரையும் பிறந்ததிலிருந்து தெரியும், கதவைத் தட்டி நீ யார் என்று கேட்க வெட்கமாக இருக்காதா என்கிறாள்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே நேரே போய் நின்றேன்.

"என்னை என்னன்னு எழுதினே?"

"எல்லாருக்கும் என்ன எழுதினேனோ அதான்."

"என் மூஞ்சியப் பாத்தியா நீ?"

"இருபத்தஞ்சு வருஷமா பாத்துக்கிட்டுதானே இருக்கேன். இப்ப என்ன புதுசா வந்து காட்டறே?"

"ஏம்மா, நான் வெள்ளையாம்மா?"

"நீ எங்க ஆளு. அந்தக் காகிதத்துல எங்க ஆளுன்னு ஒரு கட்டம் இல்ல. இருக்கற கட்டத்துல போட்டேன். போ, போய் வேலையப் பாரு."

ஆக, தம்பி, உன் அக்கா வெள்ளைக்காரி ஆகிவிட்டாள். முகத்துக்கு என்னென்னவோ பூசியும் நடக்காதது மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நடந்துவிட்டது. நெட்டையனிடம் சொன்னேன். என் வீட்டுக்காரனை நான் அப்படித்தான் கூப்பிடுவது. லாரிக்குள் உட்கார்ந்தால் தலை கூரையில் முட்டும். அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்ப இனிமே வெயில்ல நீயும் தொப்பி போடணும்" என்றான். அவ்வளவுதான் அவன் சொன்னது.

மற்ற நாற்பத்தோரு பேரையும் நீ பார்க்க வேண்டும். காகிதத்தில்தான் வெள்ளை. அறுவடை சமயத்தில் ஒருத்தனும் வெள்ளையாக இருக்க மாட்டான், எல்லாம் தக்காளி. அந்த நாலு பேர், பூர்வகுடி என்று போட்டிருக்கிறதே, அது பம்பு மெக்கானிக்கின் குடும்பம். இந்த மண்ணே அவர்களுடையது, அட்டவணையில் மட்டும் எப்போதும் இரண்டாவது வரி. மெக்கானிக்கிடம் போய், உன்னை என்ன எழுதியிருக்கிறாள் தெரியுமா என்று கேட்டேன். "எங்களை மாத்தி எழுத அவளுக்குத் தைரியம் வராது. எங்க அம்மா அவ காதப் பிடிச்சுத் திருகிடுவா" என்றான்.

கலப்பினம் ஒன்று என்று பார்த்து மாமன் ஆனாயே, ஆணா பெண்ணா என்று அட்டவணையில் போடவில்லையா? பெண். பத்தொன்பது வயசு. நகரத்தில் பல் டாக்டருக்கு உதவி செய்கிற படிப்பு படிக்கிறாள். அவளை அங்கே எண்ணிவிட்டார்கள். அங்கே அவள் மாதிரி பதினோராயிரம் பேர். உட்கார்ந்து தேடு, கண் பூத்துப் போகும்.

அம்மா எப்படி இருக்கிறாள்? நாலு கடிதம் போட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. நெட்டையனைக் கட்டிக்கொண்டு வந்ததில் அப்பா கோபம் தெரிந்ததுதான், அம்மாவுக்குமா? என் போன் நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன். கூப்பிடு. சும்மா மூச்சு விட்டாலும் போதும், நீதான் என்று கண்டுபிடித்துவிடுவேன். சின்ன வயசிலேயே உனக்கு மூக்கடைப்பு.

ஆசையுடன்,
உன் அக்கா


மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. பிரிவில் எல்லாரும் இருந்ததால் மீட்டர் அறைக்குள் போய்ப் படித்தேன். நிம்மதி.

அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. ஆகஸ்ட் மாதம், பத்தொன்பதாம் தேதி. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். கஷ்டப்படவில்லை.

உன் முதல் கடிதத்தை நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மற்ற மூன்றும் அப்பா கையில் கிடைத்தன. படிக்காமலே கிழித்தார். அதற்குப் பிறகு உன் பேச்சு வீட்டில் இல்லை. ஆனால் அட்டவணை வந்தபோதெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். முதல் தடவை அப்பா பக்கத்தில் இருந்தார். அதனால் அம்மா பார்க்கும்படி ஒரு விரலைக் காட்டினேன். புரிந்துகொண்டாள். பத்து வருஷம் கழித்து இரண்டு விரலைக் காட்டினேன். "ரெண்டா?" என்று வாய் விட்டே கேட்டுவிட்டாள். என்ன ரெண்டு என்று அப்பா கேட்டார். தோசை என்றேன். எனக்கு வயிறு நிறைந்திருந்தது. இருந்தாலும் இரண்டு வைத்தாள், சாப்பிட்டேன்.

அப்பாவுக்கு எண்பத்தொன்று. காது, கண் எல்லாம் நன்றாக இருக்கிறது. என் போன் வீட்டில் எல்லார் கையிலும் புழங்குவது. அதனால் கூப்பிட இயலாது. கடிதமும் அடிக்கடி எழுத இயலாது. அலுவலகத்தில் வெளிநாட்டுத் தபால்தலையைப் பார்த்து ஏற்கெனவே ஒருவர் கேட்டுவிட்டார்.

ஒரு உதவி வேண்டும். அந்த அட்டவணையைத் திருத்தச் சொல். தவறு இருந்தால் திருத்திக்கொள்ளக் கெடு தருகிறார்கள் என்று அதிலேயே போட்டிருக்கிறது. ஆசியர் 1 என்று மறுபடி வந்துவிட்டால் போதும். நீயும் எழுத வேண்டியதில்லை, நானும் எழுத வேண்டியதில்லை. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 8

அன்புத் தம்பிக்கு,

அம்மா சேதி படித்தேன். ஆகஸ்ட் பத்தொன்பது. இங்கே அது கோதுமை லாரி வருகிற காலம் இல்லை, அதனால் அன்றைக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நோட்டைப் புரட்டினாலும் தெரியாது. புரட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு லாரி, ஜல்லி ஏற்றியது. சுமையோடு முப்பத்தொன்பது டன், காலியாகப் பதினாலு. கையெழுத்து என்னுடையதுதான்.

தோசைக் கணக்கு நன்றாக இருக்கிறது. எனக்குக் குழந்தை பிறந்ததற்கு நீ இரண்டு தோசை தின்றாய். இரட்டைப் பிள்ளை பெறாமல் விட்டேனே என்று இருக்கிறது.

சரி, உன் உதவி. மீட்டர் பார்க்கிற ஆளுக்கு அக்காவும் மீட்டரா? சுற்றுகிறதா, நின்றுவிட்டதா, எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவதற்கு? நாற்பத்தெட்டு வயசு ஆகிறது, வழுக்கை கூட விழுந்திருக்கும், இன்னும் அப்பாவைக் கண்டால் கைகட்டி நிற்கிறாய். கோபித்துக்கொள்ளாதே. கேலி செய்ய எனக்கு வேறு தம்பி கிடையாது.

தபால்காரம்மாவிடம் திருத்தம் பற்றிக் கேட்டேன். முகம் செத்துவிட்டது. வீடு வீடாகப் போகாமல் எழுதினாள் என்பது அப்போது மேலே தெரிந்துவிடும். எண்ணுகிற வேலையை அவளிடமிருந்து பிடுங்கிவிடுவார்கள். தபாலாபீஸையே இழுத்து மூட இதுதான் சாக்கு என்று ஆகிவிடும். அதனால் வேண்டாம், விட்டுவிடு என்றேன். அவள் கேட்கவில்லை.

"உன் தம்பியா கேட்டிருக்கார்?"

"ஆமா."

"இத்தனை வருஷமா உனக்குத் தம்பி இருக்கார்னு நீ சொல்லவே இல்லையே."

"கேட்டாத்தானே சொல்றதுக்கு. நீதான் யாரையும் எதுவும் கேக்கறதில்லையே."

"நல்லா வாய் இருக்கு உனக்கு. அவர் கண்ணுக்கு நீ தெரியணும்னா நான் தப்புப் பண்ணினேன்னு எழுதிக் குடுக்கறேன். கையெழுத்துப் போட எனக்கென்ன பயம்?"

திருத்தம் கேட்டு எழுதிக் கொடுக்கிற பாரத்தை அவளே எடுத்து வந்து கொடுத்தாள். இத்துடன் வைத்திருக்கிறேன். அச்சான அட்டவணையில் இனத்தை மாற்ற வேண்டும் என்றால், வெளியிலிருந்து ஒருவர் சாட்சி சொல்ல வேண்டுமாம். இவள் எங்கே பிறந்தாள், என்ன மொழி, என்ன இனம் என்று எழுதி, தான் வேலை செய்கிற ஆபீஸ் முத்திரை போட்டு அனுப்ப வேண்டும். ரத்த உறவாக இருக்கலாம். அது இல்லாதவர்களுக்கு, சிறு வயது முதல் தெரிந்தவராக இருந்தாலும் போதுமாம். நமக்கு அந்தக் கவலை இல்லை. "விண்ணப்பதாரர் உங்களுக்கு என்ன உறவு" என்று நடுவில் ஒரு கட்டம் இருக்கிறது பார். அங்கே அக்கா என்று எழுது. மற்ற இடமெல்லாம் நான் பென்சிலால் எழுதியிருக்கிறேன், நீ மேலே பேனாவால் எழுதினால் போதும். அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.

மறைக்காமல் சொல்கிறேன். அட்டவணையில் ஒன்று வந்தாலும் பூஜ்யம் வந்தாலும் எனக்கு ஒன்றும் குறையாது. லாரிக்காரர்கள் என்னை எடைமேடைக்காரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் அந்தக் கட்டத்தில் உன் கையெழுத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. அதற்காகத்தான் இந்தப் பாரம். அப்பா இதைப் பார்க்கப் போவதில்லை. உன் ஆபீஸிலிருந்து எங்கள் தபாலாபீஸுக்கு வரும், அங்கிருந்து நகரத்தில் ஏதோ ஒரு அலமாரிக்குப் போகும். அவ்வளவுதான்.

மே மாதம் கடைசி வெள்ளிக்குள் இங்கே வந்து சேர வேண்டும். என் மகள் போனில் கேட்கிறாள், மாமாவுக்கு மீசை உண்டா என்று. ஒரு போட்டோ வை. மீசை இல்லாவிட்டால் பேனாவால் வரைந்து அனுப்பு.

ஆசையுடன்,
உன் அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

பாரத்தை நிரப்பி இத்துடன் அனுப்புகிறேன். முத்திரை தெளிவாக விழ வேண்டும் என்று இரண்டு தடவை போட்டிருக்கிறேன். பிறந்த தேதி, பிறந்த ஊர், தாய்மொழி, இனம் எல்லாம் சரிபார்த்தேன். நீ பிறந்த தேதியைத் தப்பாகப் போட்டிருந்தாய், ஒன்பது இல்லை, பதினொன்று. திருத்திவிட்டேன்.

உறவு என்ற கட்டத்தில் "தெரிந்தவர்" என்று எழுதியிருக்கிறேன். அதற்கான காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ வீட்டை விட்டுப் போன வருஷம் அப்பா சொல்லி, குடும்ப அட்டையிலிருந்து உன் பெயரை எடுக்க மனு எழுதியது நான்தான். அதற்கு அடுத்த வருஷம் எனக்கு இந்த வேலை கிடைத்தது. பணிப் பதிவேட்டில் உடன்பிறந்தவர்கள் என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதினேன். அதுவும் அப்பா பக்கத்தில் நின்றுதான். இப்போது அதே அலுவலக முத்திரையில் அக்கா என்று எழுதினால், கண்காணிப்பாளர் பதிவேட்டை எடுத்துப் பார்ப்பார். பொய்த் தகவல் என்று விளக்கம் கேட்பார். கேட்காமலும் இருக்கலாம். ஆனால் கேட்டால் வீடு வரைக்கும் வரும்.

தெரிந்தவர் என்றாலும் செல்லும் என்று பாரத்திலேயே அச்சடித்திருக்கிறது. நீயும் எழுதியிருந்தாய். ஆகையால் திருத்தத்துக்கு ஒரு தடையும் இருக்காது. ஆசியர் 1 என்று வந்துவிடும்.

போட்டோ வைக்கவில்லை. மீசை உண்டு.

அன்புடன்,
தம்பி


மே 30

குடிநீர் வாரியம், மீட்டர் பிரிவு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் அனுப்பிய பாரம் நல்லபடியாக வந்து சேர்ந்தது. முத்திரை இரண்டும் பளிச்சென்று விழுந்திருக்கிறது. பிறந்த தேதியைத் திருத்தியதற்கும் நன்றி. இத்தனை வருஷம் இரண்டு நாள் முன்னாலேயே எனக்கு வயசு கூடிக்கொண்டிருந்திருக்கிறது, அது மிச்சம்.

தெரிந்தவர்களை நீ, வா, போ என்று எழுதி எனக்குப் பழக்கமில்லை. முன் கடிதங்களில் அப்படி எழுதியதற்கு மன்னிக்கவும்.

நேற்றுதான் கடைசி வெள்ளி. பாரத்தை எடுத்துக்கொண்டு தபாலாபீஸுக்குப் போனேன். தபால்காரம்மா நல்ல சட்டை போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள். தன் தப்பை ஒப்புக்கொண்டு எழுதிய காகிதம் ஒரு பக்கம், உறை ஒரு பக்கம். நகரத்துக்குப் போகிற தபால் வண்டி வாசலிலேயே நின்றது. உங்கள் பாரத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். தமிழ் எழுத்தை அவள் கண்டதில்லை. அதனால் இரண்டு மொழியிலும் எழுதியிருக்கிறீர்கள், நல்ல யோசனை. நடுக் கட்டத்துக்கு வந்ததும் விரலை வைத்து நிறுத்திக்கொண்டாள்.

"இது தம்பி அனுப்பினது இல்லையே. வேற யாரோ அனுப்பியிருக்காங்க. யாரு இவரு?"

"தெரிஞ்சவர்" என்றேன்.

"தெரிஞ்சவருக்காகவா என் வேலைக்கு உலை வைக்கப் பாத்தே?"

"ஆமா, நல்ல மனுஷன். மீசை உண்டாம்."

"தம்பி எழுதலையா?"

"வண்டிக்காரன் நிக்கிறான் பாரு, அவனை அனுப்பு."

அவள் வாசலைப் பார்த்து வண்டிக்காரனுக்குக் கை காட்டினாள். அதற்கு மேல் ஒருத்தரை ஒருத்தர் கேள்வி கேட்கிற வழக்கம் இந்த ஊரில் கிடையாது. அவளுடைய காகிதத்தை நானே எடுத்து நாலாக மடித்து அவள் பையில் வைத்தேன். வண்டி போய்விட்டது. பிறகு நல்ல சட்டை வீணாகப் போகக் கூடாது என்று, இருவரும் பம்பு மெக்கானிக் வீட்டுக்குப் போய் டீ குடித்தோம்.

ஆகையால் திருத்தம் எதுவும் இல்லை. வெள்ளையர் 42, பூர்வகுடியினர் 4, மற்றவை கோடு. அடுத்த அட்டவணையில் நீங்கள் பார்த்தால் நாற்பத்திரண்டு நாற்பது ஆகியிருக்கும், முப்பத்தொன்பது ஆகியிருக்கும். இங்கே எல்லாருக்கும் வயசாகிறது. குறைந்தவர்களில் நான் உண்டா இல்லையா என்று அதிலிருந்து தெரியாது. சிரமப்பட்டுப் பார்க்க வேண்டாம். பக்கத்து ஊர்களையும் தேட வேண்டாம்.

உங்கள் மூன்று கடிதங்களையும் பாரத்தையும் இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். மீட்டர் அறையிலேயே பிரித்துக்கொள்ளவும். வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம். தபால்தலை பார்க்கச் சாதாரணமாக இருக்கும்படி தபால்காரம்மாவிடம் சொல்லி, படம் இல்லாததாகப் பார்த்து ஒட்டியிருக்கிறேன். யாராவது கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.

மேடையில் லாரி வந்து நிற்கிறது, ஹார்ன் அடிக்கிறான். உங்கள் அப்பாவை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும்.

இப்படிக்கு,
எடைமேடைக்காரி